தம்பிக்கும் சேர்த்து

என் மாமா துட்டி வீடுகளில் இரண்டு தடவை கை கொடுப்பார்.

எங்கள் பக்கத்தில் சாவு விழுந்த வீட்டுக்குப் போனால் யாரும் வாங்க என்று கூப்பிட மாட்டார்கள். ஆண்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார்கள். துட்டி கேட்க வந்தவர் நேராகப் போய் இரண்டு கைகளையும் நீட்ட வேண்டும். வீட்டுக்காரர் தன் இரண்டு கைகளாலும் அதைத் தொட்டு வாங்கிக்கொள்வார். பேச்சு ஒன்றும் கிடையாது. கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வருகிறேன் என்று சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். பெண்கள் உள்ளே போய்க் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆண்களுக்குக் கை மட்டும்தான்.

மாமா ஒரு தடவை கை கொடுத்துவிட்டு அரை அடி பின்னால் நகர்வார். பிறகு மறுபடி முன்னால் வந்து கையை நீட்டுவார். "இது தம்பிக்கு" என்பார். அதிகம் பழக்கமில்லாத வீடாக இருந்தால், "தம்பி வெளிநாட்டுல இருக்கான், அவனுக்கும் சேத்து வந்திருக்கேன்" என்று கொஞ்சம் விளக்கமாகச் சொல்வார். முதலில் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கையாகத்தான் இருக்கும். சாவு வீட்டில் சிரிக்கவும் முடியாது. பழகியவர்கள் அவர் முதல் கையைக் கொடுத்தவுடனேயே தங்கள் கையைக் கீழே போடாமல் இரண்டாவதுக்கும் காத்திருப்பார்கள்.

தம்பி என்றால் என் சின்ன மாமா. மெல்பர்னில் கம்ப்யூட்டர் வேலை. போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தன் பெயரில் இங்கே ஊர் ஊராக ஒருவர் கை கொடுத்துக்கொண்டிருப்பது அவருக்குப் பல வருஷம் தெரியாது. நான்தான் ஒரு தடவை போனில் சொன்னேன். அண்ணன் எதற்கு இதையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்கிறார் என்று கேட்டார். எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

மாமாவுக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் டைம் கீப்பர் வேலை. பஸ் உள்ளே நுழைந்தால் நேரம் எழுதுவார், கிளம்பினால் நேரம் எழுதுவார். ஒரு நிமிஷம் முந்தினாலும் டிரைவரைக் கண்ணாலேயே உட்கார வைப்பார். சுற்று வட்டாரத்துச் சாவுச் செய்தியெல்லாம் கண்டக்டர்கள் வழியாக அவருக்கு வந்துவிடும். எல்லார் கையிலும் செல்போன் வந்த பிறகும் அவருக்குச் செய்தி பஸ்ஸில்தான் வந்தது. அந்தச் சின்ன அறையில் ஒரு ஆணியில் தேய்த்த வெள்ளைச் சட்டை எப்போதும் தொங்கும். செய்தி வந்ததும் காக்கியைக் கழற்றி வெள்ளையை மாட்டிக்கொண்டு, "செத்த நேரம் மொகத்தக் காட்டிட்டு வந்துருதேன்" என்று பக்கத்துக் கம்பெனி டைம் கீப்பரிடம் நோட்டைக் கொடுத்துவிட்டு மொபெட்டை எடுப்பார்.

கல்யாண வீட்டிலும் இதே கதைதான். முதல் பந்தியில் தனக்காகச் சாப்பிடுவார். கடைசிப் பந்தியில் தம்பிக்காக மறுபடி உட்கார்ந்து, "அவனுக்கு மோர்ச்சோறு போதும்" என்று ஒரு கை வாங்கிக்கொள்வார். ஆடிப்பூரத்துக்குத் தேர் இழுக்கும்போது வடத்தை ஒரு தடவை பிடித்துவிட்டு விட்டுவிடுவார். கூட்டம் அவரைத் தள்ளிக்கொண்டு போகும். முண்டியடித்துத் திரும்ப வந்து இன்னொரு தடவை பிடிப்பார். ஒரு வருஷம் அப்படிப் போனபோது செருப்பு ஒன்று காணாமல் போய், வெறுங்காலோடு வெயிலில் நடந்து வந்தார். அத்தை வாசலில் வைத்தே பிடித்துக்கொண்டாள். ஊரெல்லாம் கேட்கும்படியாக, "இவரு செத்தாலும் தம்பிக்கும் சேத்து ரெண்டு தடவதான் சாவாரு" என்றாள். மாமா சிரித்துக்கொண்டே கால் கழுவப் போனார்.

அவர் சந்தோஷமாக இதைச் செய்தார் என்று யாராவது நினைத்தால் தப்பு. எனக்குத் தெரிந்து அவரைப் போல அலுத்துப்போன ஒரு மனிதரை நான் பார்த்ததில்லை. ராஜபாளையத்துப் பக்கம் துட்டி என்றால் முடித்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவார். பின்வாசல் வழியாக வந்து குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு நாற்காலியில் விழுந்து, காலைத் தூக்கி ஸ்டூலில் போடுவார். கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். அம்மா ஒன்றும் கேட்காமல் வெந்நீர் கொண்டுவந்து வைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு, "எனக்காக ஒறங்குததுக்கு ஒரு ஆளு கெடச்சா நல்லாருக்கும்" என்பார். அடுத்த நிமிஷம் வாய் பிளந்து தூங்கிப்போவார். ஒரு காரியத்தைப் பிடிக்காமலே முப்பது வருஷம் ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதை நான் அவரிடம்தான் பார்த்தேன்.

அப்படி ஒரு மத்தியானம் அவர் எழுந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஏன் மாமா இதெல்லாம் என்று கேட்டேன். டம்ளரைக் கீழே வைத்தார்.

"நாந்தான் மாப்ள அவனப் போகச் சொன்னேன். பஸ் ஏறுதப்ப ஒரு வார்த்த கேட்டான். அண்ணே, இங்க நல்லது கெட்டதுக்கு யாரு போவான்னு. நான் போய்க்கிடுதேம்லே, நீ ஏறுன்னு சொல்லிட்டேன். அவன் அதெல்லாம் மறந்திருப்பான்."

"அப்ப நீங்களும் மறந்துர வேண்டியதுதான."

"சொன்னது நாந்தானடா" என்றார். பிறகு அம்மாவிடம் இன்னும் கொஞ்சம் டீ கேட்டார்.

அப்பா இறந்தபோது எனக்கு முப்பத்திரண்டு வயது. மார்வலி என்று சொன்ன அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. சின்ன மாமா மூன்று தடவை போன் செய்தார். மூன்று தடவையும் அழுதார். வேலையில் ஏதோ முக்கியமான கட்டம், அடுத்த மாதம் கட்டாயம் வருகிறேன் என்றார். சொந்த அக்காவின் தாலி இறங்குகிற நாளுக்கு வராதவர் அடுத்த மாதம் வந்து என்ன செய்யப் போகிறார் என்று எனக்குள் பற்றிக்கொண்டு எரிந்தது. வாசலில் உட்கார்ந்து வந்தவர்களிடமெல்லாம் கை வாங்கிக்கொண்டிருந்தேன். மாமா வந்தார். கையை நீட்டினார், வாங்கினேன். அரை அடி பின்னால் போய் முன்னால் வந்தார். "இது தம்பிக்கு" என்றார்.

நான் கைகளை இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். வேண்டுமென்றால் அவரே வந்து கொடுக்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாமாவின் கைகள் நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றன. பிறகு அவற்றை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். சாயங்காலம் வரைக்கும் எழுந்து போகவில்லை. அதைப் பற்றி அன்றும் பேசவில்லை, பின்னாலும் பேசவில்லை.

பிறந்த வீட்டுக் கோடி என்று அம்மாவுக்கு அண்ணன் தம்பிகள் சேலை கொண்டுவர வேண்டும். மாமா இரண்டு சேலை கொண்டுவந்திருந்தார். வெள்ளையில் நீலக் கரை போட்டது அவருடையது. பச்சைக் கரை போட்டது தம்பியுடையது என்றார். அம்மா என்னைப் போல ஒன்றும் செய்யவில்லை. இரண்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். நீலக் கரையைக் கட்டிக் கட்டிக் கிழித்தாள். பச்சைக் கரையை மட்டும் பிரிக்காமல் பீரோவில் வைத்திருந்தாள். அவன் வந்த பிறகு கட்டுவதாகச் சொன்னாள்.

அடுத்த மாதம் என்றவர் மூன்றாம் வருஷம்தான் வந்தார். மனைவி, மகள் அகிலா, கூடவே மெல்பர்னிலிருந்து இன்னும் சில குடும்பங்கள். எங்களைப் பார்க்க வந்ததாகச் சொல்ல முடியாது. அவர்கள் ஒரு சேவைக் குழு. வன்னியம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாரம் வெள்ளையடித்து, நூலகம் வைத்துக்கொடுத்து, பிள்ளைகளோடு இங்கிலீஷ் பேசுவதாக ஏற்பாடு. பல ஊர்களிலிருந்து சின்ன மாமா இந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் நாங்கள்தான் என்று போனில் சொன்னார். எல்லாரும் ஒரே ஆரஞ்சு நிற டீ-ஷர்ட்டில் ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜில் தங்கினார்கள். சொந்தக்காரர்களுக்கென்று ஒரு சனி, ஒரு ஞாயிறு, கிளம்புகிற திங்கள்கிழமை முற்பகல் ஒதுக்கப்பட்டிருந்தது.

அகிலாவுக்கு அப்போது பதினேழு வயது. நல்ல உயரம். யோசித்து யோசித்துத்தான் தமிழ் பேசும். நானும் மாமாவும் பள்ளிக்கூடத்துக்குப் போனபோது ஏணியில் நின்று மஞ்சள் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தது. பாதி சுவரில் இருந்தது, பாதி பிள்ளையின் முழங்கையில் இருந்தது. இதற்காகவா அம்புட்டுத் தூரத்திலிருந்து வந்திருக்கிறார்கள் என்று மாமா என் காதில் கேட்டார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியைப் பிடித்துக்கொண்டார். பிள்ளை இறங்கி வந்து, வாலன்டியர் என்றால் என்ன என்று தனக்குத் தெரிந்த தமிழில் அவருக்குச் சொன்னது. சம்பளம் வாங்காமல், யாரும் கேட்காமல், இன்னொருவருக்காக வேலை செய்வது.

மாமா யோசித்தார். "அப்படின்னா நான் முப்பது வருசமா அதுதாம்ட்டி பாக்கேன்" என்றார்.

அந்தப் பிள்ளையிடம் ஒரு தாள் இருந்தது. எத்தனை மணிக்கு வந்தாள், எத்தனை மணிக்குப் போனாள் என்று எழுதி ஒரு பெரியவர் கையெழுத்துப் போட வேண்டும். காலேஜில் சேர அது தேவையாம். அன்றைக்கு அந்தப் பெரியவர் எங்கேயோ போயிருந்தார். மாமா பேனாவை எடுத்து, பஸ்ஸுக்கு எழுதுவது போல வரவு 9.42, புறப்பாடு 4.17 என்று போட்டு, கீழே தன் டைம் கீப்பர் கையெழுத்தையும் போட்டார். பிள்ளை விழுந்து விழுந்து சிரித்தது. அன்றிலிருந்து அவர் பின்னாலேயே சுற்ற ஆரம்பித்தது.

மாமா ஒரு பட்டியல் வைத்திருந்தார். பஸ் டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் பதினோரு வீடுகள். தம்பி ஊரில் இல்லாதபோது சாவு விழுந்து, தம்பிக்காகத் தான் கை கொடுத்த வீடுகளில் முக்கியமானவை. அந்த வீடுகளுக்கெல்லாம் அவனே வருவான் என்று மாமா வாக்குக் கொடுத்திருந்தார். துட்டி கேட்காமல் அந்த வீட்டுக்கு விருந்துக்குப் போக முடியாது. வெள்ளிக்கிழமை கேட்கக் கூடாது. துட்டி வீட்டிலிருந்து குளிக்காமல் நல்லது நடக்கிற வீட்டுக்குப் போகக் கூடாது. இத்தனை கணக்கையும் பார்த்து, பஸ் ரூட் போடுவது போல அவர் வரிசை போட்டிருந்தார். முதலில் ஆலங்குளம். கடைசியில், பதினோராவதாக, ராஜபாளையம் தங்கச்சி வீடு. அதாவது எங்கள் வீடு.

நான் அதைப் பார்த்ததை மாமா பார்த்தார். "நம்ம வீடுதான மாப்ள. மத்தவன்னா கோவிச்சுக்கிடுவான்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் இது காலங்காலமாக நடக்கிற கூத்து. கல்யாணத்துக்கு அழைக்கும்போது சொந்த வீட்டுக்காரனுக்குப் பத்திரிகை தீர்ந்துபோயிருக்கும். பந்தியில் அவனுக்குப் பாயசம் இருக்காது. வேனில் அவனுக்கு மட்டும் இடம் இருக்காது. நம்ம ஆள்தானே, புரிந்துகொள்வான் என்று சொல்லியே நெருங்கினவனை நிற்க வைப்பார்கள். அவனும் புரிந்துகொண்ட மாதிரி நிற்பான். நானும் அன்றைக்கு அப்படித்தான் தலையை ஆட்டினேன்.

சனிக்கிழமை ஏ.சி. காரில் நான்கு வீடு முடிந்தது. சின்ன மாமா போன இடத்திலெல்லாம் ஒழுங்காகக் கை கொடுத்தார், ஒழுங்காக அழுதார். அவரைக் குறை சொல்ல முடியாது. நல்ல மனிதர். ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வயிற்றுப்போக்கும் முதுகுவலியுமாக லாட்ஜ் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. அதே காலையில் செட்டியார்பட்டியில் எங்கள் தூரத்துச் சொந்தத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். மாமா வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு தனியாகக் கிளம்பியபோது அகிலா தானும் வருவதாகச் சொல்லிவிட்டது. அதன் அம்மா அரைமனதோடு ஒரு தொப்பியைத் தலையில் வைத்து அனுப்பினாள்.

நான் செட்டியார்பட்டிக்கு முன்னாலேயே போய் உட்கார்ந்திருந்தேன். மொபெட் வந்து நின்றது. மாமா அகிலாவிடம் உள்ளே பெண்கள் இருக்கிற பக்கத்தைக் காட்டினார். பிள்ளை போகவில்லை, அவர் பின்னாலேயே வந்தது. மாமா இறந்தவரின் மகனுக்குக் கை கொடுத்தார். வழக்கம்போல அரை அடி பின்னால் நகர்ந்தார். அவர் திரும்ப முன்னால் வருவதற்குள் அவர் தோளுக்குப் பக்கத்தில் இரண்டு கைகள் நீண்டன. நகத்தில் இன்னும் மஞ்சள் பெயின்ட் இருந்தது.

"இது அப்பாவுக்கு" என்றது பிள்ளை.

எங்கள் ஊரில் பெண்பிள்ளை யாரும் துட்டிக்குக் கை கொடுத்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பொம்பளப் பிள்ளையை உள்ளே போகச் சொல்லக் கூடாதா என்று ஒரு பெரியவர் முனகினார். இறந்தவரின் மகன் என்ன செய்வதென்று தெரியாமல் மாமாவைப் பார்த்தான். மாமா ஒதுங்கி நின்றார். அவன் அந்தக் கையை வாங்கிக்கொண்டான்.

மாமா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைகளை மடியில் வைத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"இன்னைக்கு ஒரு தடவதான் குடுத்திருக்கேன் மாப்ள" என்றார். "கை என்னமோ லேசா இருக்கு."

அன்றைக்கே இரண்டு பேரும் மொபெட்டில் இன்னும் ஆறு வீடு போனார்கள். மாமா வாசலில் நிற்க, பிள்ளை போய்த் தன் அப்பாவுக்காகக் கை கொடுத்துவிட்டு வந்தது. வெயில் சாய்கிற நேரத்தில் அந்தத் தாளில் இன்னொரு வரி எழுதச் சொன்னதாம். மாமா வரவு, புறப்பாடு போட்டுக் கையெழுத்திட்டாராம். எந்தக் காலேஜ் அதை ஒத்துக்கொண்டதோ தெரியாது. பட்டியலில் பாக்கி இருந்தது எங்கள் வீடு ஒன்றுதான்.

திங்கள்கிழமை காலையில் அம்மா தலைக்குக் குளித்தாள். பீரோவைத் திறந்து பச்சைக் கரைச் சேலையைப் பிரித்துக் கட்டிக்கொண்டாள். முன்னறையில் சுவரோரமாகப் பாயைப் போட்டு உட்கார்ந்தாள். நான் வேலை பார்க்கும் பேண்டேஜ் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு வாசலில் நாற்காலி போட்டேன். மூன்று வருஷம் பழசான சாவுக்கு ஒரு நாற்காலி. பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கு என்ன என்று பதறிப்போய்க் கேட்டார்.

பள்ளிக்கூடத்தில் அன்று வழியனுப்பு விழா. பிள்ளைகளின் டான்ஸ், பேச்சு, வந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் துண்டு. பதினொன்றுக்கு முடிய வேண்டியது ஒன்றரைக்கு முடிந்தது. விமானத்துக்கு மதுரை போக வேண்டும். மதுரை வடக்கே இருக்கிறது, நாங்கள் தெற்கே இருக்கிறோம். மூன்று மணிக்குச் சின்ன மாமா காரிலிருந்து போன் செய்தார். அழுதார். அடுத்த தடவை முதலில் உன் வீட்டுக்குத்தான் அக்கா என்றார். அம்மா, "சரிப்பா, பாத்துப் போ" என்றாள். போனை வைத்துவிட்டுச் சேலையை மாற்றப் போனாள்.

சாயங்காலம் மாமா பஸ்ஸில் தனியாக வந்தார். என் நாற்காலி இன்னும் வாசலில்தான் இருந்தது. நான் அவரை உட்காரச் சொல்லவில்லை.

"ஊரான் வீட்டுக்கெல்லாம் கூட்டிட்டுப் போனீங்க. ஒங்க தங்கச்சி காலைல இருந்து தண்ணி குடிக்காம உக்காந்திருந்தா."

"என் தப்புதான் மாப்ள. நம்ம வீடுன்னு நெனச்சுட்டேன்."

"இனிமே நம்ம வீடுன்னு நெனைக்காதீங்க."

அவர் தலையை ஆட்டினார். உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அம்மா வெந்நீர் வைத்தாள். காலை நனைக்காமலே எழுந்து போய்விட்டார். அதன் பிறகும் வந்தார், நல்லது கெட்டதில் பார்த்துக்கொண்டோம். நான்தான் முன்போலப் பேசவில்லை. இப்படி இரண்டு வருஷம் போயிற்று. சமாதானமாவதற்கு இன்னும் நாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பை இப்போது எதிலும் வைத்துக்கொள்வதில்லை.

அவர் பஸ் ஸ்டாண்டிலேயே இறந்தார். பத்து ஐம்பதுக்குப் போன பஸ்ஸுக்கு நேரம் எழுதியிருந்தார். பதினொன்று ஐந்துக்கு வந்த பஸ்ஸுக்கு எழுதவில்லை. கண்டக்டர் போய்த் தொட்டுப் பார்த்தபோது நாற்காலியில் சாய்ந்தபடி முடிந்திருந்தது. தூங்குகிறார் என்று நினைத்தானாம். ஆணியில் தேய்த்த வெள்ளைச் சட்டை தொங்கிக்கொண்டிருந்தது. அதையே போட்டுவிட்டு எடுத்துப்போனோம். அத்தை சொன்னது நடக்கவில்லை, ஒரு தடவைதான் செத்தார்.

ராணுவத்தில் இருக்கிற அவர் மகன் மறுநாள் காலையில் வந்துவிட்டான். அவனும் வருகிற சனத்துக்கு முன்னால் உட்கார்ந்து கை வாங்கினான். அவனுக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி தம்பிக்காரருக்கென்று போட்டிருந்தது. சின்ன மாமாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது, அவரால் வர முடியாது. அன்று முழுக்க நாற்காலி காலியாகவே கிடந்தது. வந்தவர்கள் ஒரு தடவை கை கொடுத்துவிட்டு நகர்ந்தார்கள். நானும் ஒரு தடவை கொடுத்தேன். இரண்டாவது யாருக்காகக் கொடுப்பது, யார் வாங்குவது?

அம்மாவுக்கு மூட்டுவலி. கூட்டத்தில் தரையில் உட்கார முடியவில்லை என்று இரண்டாம் நாள் சாயங்காலம் வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தேன். மூன்றாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் வாசலில் ஆட்டோ நின்றது. முதுகில் ஒரு பெரிய பையோடு அகிலா இறங்கியது. முகமெல்லாம் வீங்கி, இரண்டு நாள் தூங்காத கண். விமானத்தில் சென்னை வந்து, அங்கிருந்து ராத்திரி ரயிலைப் பிடித்திருக்கிறது.

அந்த ரயில் முதலில் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும். பெரியப்பா வீடு அங்கே இருக்க, பிள்ளை இறங்காமல் அடுத்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறது. வழி தெரியாமல் வந்துவிட்டதோ என்று நினைத்து, இரு, நான் அங்கே கூட்டிப்போகிறேன் என்றேன்.

"தெரியும் அத்தான்" என்றது. போனை எடுத்து ஒரு போட்டோவைக் காட்டியது. டிரிப் ஷீட்டின் பின்பக்கம், மாமாவின் கையெழுத்து. பத்து வீடுகளுக்கு எதிரே டிக் இருந்தது. "அங்க மொதல்ல போனா, இந்த வீடு மறுபடி கடைசியா ஆயிரும். அதான்."

நாற்காலி போடவில்லை, நான் லுங்கியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தேன். பிள்ளை பையைக் கீழே இறக்கி வைத்தது. இரண்டு கைகளையும் நீட்டியது.

"இது அப்பாவுக்கு."

வாங்கிக்கொண்டேன். பிள்ளை அரை அடி பின்னால் நகர்ந்தது. பிறகு முன்னால் வந்து மறுபடியும் கைகளை நீட்டியது.

"இது பெரியப்பாவுக்கு."

அன்றைக்கு முப்பது பேர் முன்னால் நீட்டியபடியே நின்ற அந்தக் கைகள் எனக்கு ஞாபகம் வந்தன. பிள்ளையின் கைகளை என் இரண்டு கைகளாலும் பிடித்தேன். தொட்டுவிட்டு விட வேண்டும், அதுதான் முறை. நான் விடவில்லை.

யாருலே வந்திருக்கது என்று உள்ளேயிருந்து அம்மா கேட்டாள்.

"மாமா வந்திருக்காவம்மா" என்றேன். "ரெண்டு பேருமே வந்திருக்காவ."